கஞ்சித்தொட்டி முதல் ஒரு ரூபாய் இட்லி வரை

1782-ஆம் ஆண்டு. மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. ஹைதர் அலியின் குதிரைப்படை புகுந்த ஊர்களில் விளைச்சல் அழிந்தது. பிழைக்க வழியற்ற கிராமத்து மக்கள் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்காக ராயபுரம் பக்கம் ஒரு மணியக்காரரின் பொறுப்பில் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று உருவானது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. பின்னர் நோயாளிகளையும் அங்கே வைத்துப் பார்த்தார்கள். அந்த வளர்ச்சிதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்கள் பலர் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

அதே சென்னையில் இன்று மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகங்கள் ஏறத்தாழ 400 இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் போனால் ஒரு ரூபாய்க்குச் சாம்பாரோடு ஓர் இட்லி கிடைக்கும். ஐந்து ரூபாய்க்குப் பொங்கல். மதியம் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். 2013-இல் வைத்த விலை இன்னும் ஏறவில்லை.

கஞ்சிக்கும் இட்லிக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இந்தக் காலத்தில் சோறு மட்டும் மாறவில்லை. சோறு போடுமுன் பசித்தவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. நீ என்ன சாதி, உழைக்கத் தெம்பிருக்கிறதா, உண்மையிலேயே ஏழைதானா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு காலத்தில் இலை போட்டார்கள். கேள்வி கேட்காமல் தட்டை நீட்டும் இடம் வரை நாம் வந்து சேர்ந்தது சும்மா நடந்த காரியம் இல்லை.

சத்திரத்து மணி

அன்னமிடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் யாத்திரைப் பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் அந்த மரபின் பெரிய சான்று. ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரமும் நீடாமங்கலத்தின் யமுனாம்பாள் சத்திரமும் இன்றும் நிற்கின்றன. சத்திரத்துக்கென்று கிராமங்களே எழுதிவைக்கப்பட்டிருந்தன. அந்த நிலங்களின் விளைச்சலில் அடுப்பு எரிந்தது.

இந்தச் சத்திரங்களைக் கம்பெனி கைவைக்காமல் காக்க வேண்டும் என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரம் எப்படி நடந்தது என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் சாப்பாடு உண்டு. ஆக்கிய சோற்றைத் தொடாதவர்களுக்கு அரிசியாகவே கொடுப்பார்கள். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். கைக்குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குக் கவனிப்பு, நோயாளிக்கு மருத்துவர் என்று எல்லாமே உண்டு. வழியில் இறந்துபோனவருக்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடனும் செய்யப்பட்டது.

நடுராத்திரியில் கூப்பிட்டுச் சோறு போட்ட அந்த மனசை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அந்தச் சத்திரத்தில் பந்தி ஒன்றில்லை. யார் எங்கே உட்காரலாம், யாருக்கு யார் பரிமாறலாம், யாருக்குச் சோறு, யாருக்கு அரிசி என்பதையெல்லாம் பிறப்புதான் தீர்மானித்தது. பிராமணருக்கு மட்டுமே இலை போட்ட சத்திரங்களும் நாட்டில் நிறைய இருந்தன. கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்ந்தது. வாங்குபவர் தன் சாதியைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார முடிந்தது.

வடலூர் அடுப்பு

சாதியைக் கேட்கும் இந்தக் கேள்வியைத் தூக்கியெறிந்த அடுக்களை ஒன்று வடலூரில் இருக்கிறது. 1867 மே 23 அன்று இராமலிங்க வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஊர்மக்கள் 80 காணி நிலம் எழுதிக்கொடுத்தார்கள். 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமான அடுப்பு. அன்று மூட்டிய தீ அணைக்கப்படாமல் எரிந்துவருகிறது. மூன்று வேளையும் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு.

வள்ளலார் பசியை வினைப்பயன் என்று விட்டுவிடவில்லை. உயிரைக் கொல்லும் பிணியாகப் பார்த்தார். பிணி என்றால் வைத்தியம்தானே பார்க்க வேண்டும்? வந்தவரின் குலம் கோத்திரம் விசாரிப்பானேன்? சாதி, சமயம், ஊர், தேசம் எதையும் பாராமல் பசித்த எவருக்கும் சோறு என்று அவர் வகுத்த விதி, அன்றைய தென்னாற்காட்டில் எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை இன்று கற்பனை செய்வதே கடினம்.

தருமச்சாலை இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆனாலும் அடுப்பைக் காப்பது மக்கள்தான். அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குகிற விவசாயிகள் உண்டு. காய்கறி அனுப்புகிறவர்கள் உண்டு, ஒரு நாள் வந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தைப்பூசத்தன்று கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகும்போதும் யார், எவர் என்ற கேள்வி எழுவதில்லை. ஒன்றரை நூற்றாண்டாக ஒரு பொது அடுக்களை இப்படி நடக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் உயிருள்ள சான்று வடலூர்.

ஒரு பவுண்டு தானியம்

வடலூரில் அடுப்பு மூட்டிப் பத்தாண்டு ஆவதற்குள் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அரசின் கையில் தானியமும் இருந்தது, ரயிலும் இருந்தது. ஆனால் சும்மா சோறு போட்டால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று ஆட்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். உழைக்க முடிந்தவர்கள் நிவாரண வேலைக்கு வந்தால்தான் உணவு என்றார்கள். 1877-இல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோ கூடக் கிடையாது. மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சென்னையின் ஊடே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நாளில் வெட்டப்பட்டதுதான்.

பசித்தவனிடம் சத்திரம் சாதியைக் கேட்டது என்றால் வெள்ளை அரசு வேலையைக் கேட்டது. இரண்டிலும், உனக்குச் சோறு உண்டா என்பதை முடிவு செய்யும் உரிமை போடுகிறவன் கையில் இருந்தது. அந்தக் காலத்து அச்சம் நம் பேச்சிலிருந்து இன்னும் போகவில்லை. நெசவுத் தொழில் நொடிக்கும்போது நெசவாளர்கள் கஞ்சித்தொட்டி திறந்து போராடுவது நம் காலத்திலும் நடந்ததுதான். கஞ்சிக்குக் கையேந்த வைத்துவிட்டீர்களே என்ற குற்றச்சாட்டு அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

ஒரே பந்தி

இருபதாம் நூற்றாண்டில் சண்டை சோற்றைப் பற்றி மட்டும் நடக்கவில்லை, பந்தியைப் பற்றியும் நடந்தது. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியானதும் தமிழக அரசியலே இரண்டாகப் பிளந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கென்று ஒதுக்கிய இடம் 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல்கூடத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை போனார்கள்.

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதையே அரசு ஒரு விழாவாக நடத்த வேண்டியிருந்தது. அண்ணா நினைவு நாளிலும் சுதந்திர தினத்திலும் கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்து அப்படி வந்ததுதான். அமைச்சர்கள் வந்து மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வரும்.

பிள்ளைகள் பக்கம் பந்தி இன்னும் வேகமாக விரிந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1950-களில் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து சோறு என்ற பழக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் பெரியவர்களுக்கு என்ன வழி? பட்டணத்துக்கு வேலை தேடி வந்த கூலிக்காரர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர், மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்த குமாஸ்தா ஆகியோருக்கு அப்படி ஒரு பந்தி இல்லை. ஓட்டலுக்குப் போகக் காசில்லை என்றால் டீயும் பன்னும்தான்.

டோக்கனும் தட்டும்

அந்த இடைவெளியை அடைத்தது 2013 பிப்ரவரியில் சென்னை சாந்தோமில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த அம்மா உணவகம். பிள்ளைகளுக்கு 1920-இல் சோறு போட்ட அதே மாநகராட்சிதான் இதையும் நடத்துகிறது. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வார்டுக்கு வார்டு கிளைகள் வந்தன, பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகங்களிலும் திறந்தார்கள். மற்ற மாநகரங்களுக்கும் திட்டம் போனது.

மதியம் பன்னிரண்டரைக்கு ஓர் அம்மா உணவகத்தில் நின்று பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அக்கா சில்லறையை வாங்கிக்கொண்டு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். அடுத்த ஜன்னலில் டோக்கனை நீட்டினால் ஸ்டீல் தட்டில் ஆவி பறக்கச் சாம்பார் சாதம். உட்கார நாற்காலி கிடையாது. மார்புயர மேசையில் தட்டை வைத்து நின்றபடிதான் சாப்பிட வேண்டும். சிமென்ட் படிந்த சட்டையோடு ஒரு கொத்தனார், தோளில் பையோடு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், உணவு டெலிவரி செய்யும் பையன், இந்தியில் பேசிக்கொண்டே சாப்பிடும் இரண்டு வடமாநிலத் தொழிலாளர்கள். எல்லோருக்கும் அதே மேசை, அதே சாம்பார். பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி என்று ஒருவரும் பார்ப்பதில்லை. விழா எடுத்து நடத்திய சமபந்தி இங்கே அன்றாட வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேஷன் கடையில் குடும்ப அட்டை கேட்பார்கள், இங்கே அதுவும் இல்லை. வருமானச் சான்றும் ஆதாரும் யாரும் கேட்பதில்லை. காரில் வந்து இறங்குபவருக்கும் அதே விலைதான். இலவசம் என்று வைத்திருந்தால், இவர் தகுதியானவர்தானா என்ற பேச்சு அடுத்த நாளே வந்திருக்கும். ஒரு ரூபாய் என்று வைத்ததால், காசைக் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளராகத் தலைநிமிர்ந்து நிற்க முடிகிறது. சாம்பார் நீர்த்துப்போனால் ‘என்னக்கா இது?’ என்று கேட்கும் உரிமையும் வருகிறது.

அந்த ஒரு ரூபாயும் இல்லாத நாள்கள் வந்தபோது உணவகம் கைவிட்டுவிடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் சென்னை அம்மா உணவகங்கள் காசு வாங்காமல் சோறு போட்டன. ஊரே கதவடைத்த நாளில் திறந்திருந்த அடுக்களை அது. சொந்த ஊர் போக வழியில்லாமல் தெருவில் நின்றவர்களுக்கு அந்தச் சோறு என்னவாக இருந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஒடிசாவில் 2015-இல் ஆஹார் மையங்கள், கர்நாடகத்தில் 2017-இல் இந்திரா கேன்டீன், ஆந்திரத்தில் 2018-இல் அண்ணா கேன்டீன், மகாராஷ்டிரத்தில் 2020-இல் சிவ போஜன். ஆந்திரத்தில் 2019-இல் ஆட்சி மாறியதும் கேன்டீன்கள் மூடப்பட்டன. பழைய ஆட்சி திரும்பி வந்தபின் 2024-இல்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஐந்தாண்டில் பசி மூடிக் கிடக்கவில்லை. சென்னையில் 2021-இல் தேர்தல் முடிவு வந்த கையோடு ஓர் அம்மா உணவகத்தின் பலகையைச் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். முதல்வராகப் பொறுப்பேற்கவிருந்த ஸ்டாலின் அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி, பலகையை மறுபடி வைக்கச் செய்தார். தமிழக அரசியலில் மறக்கக் கூடாத நல்ல காரியங்களில் அது ஒன்று.

பில் வராத மேசைகள்

அரசைச் சாராத இன்னொரு வழியும் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தபின் பில் வராது, மனசுக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1980-களில் கோலாலம்பூரில் தொடங்கிய அன்னலட்சுமி உணவகம் அப்படிப்பட்டது. தொண்டர்கள் சமைத்துப் பரிமாறும் சைவச் சாப்பாடு. பிறகு சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் அது போனது. கேரளத்தில் ஆலப்புழை அருகே பாதிரப்பள்ளியில் 2018-இல் திறந்த ஜனகீய பக்ஷணசாலையில் காசாளர் நாற்காலியே இல்லை. ஒரு பெட்டி மட்டும் இருக்கிறது. போடலாம், போடாமலும் போகலாம்.

இந்த முறையில் மானம் முழுசாகக் காக்கப்படுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பெட்டிக்கு மட்டுமே தெரியும். ஆனால் நிலைத்து நிற்பது கடினம். இலங்கையில் பிறந்த ஷனக பெர்னாண்டோ 2000-இல் மெல்போர்னில் தொடங்கிய ‘லென்டில் ஆஸ் எனிதிங்’ இருபது ஆண்டுக்கு மேல் புகழோடு நடந்து 2022-இல் மூடியது. அமெரிக்காவில் பனேரா என்ற பெரிய நிறுவனம் 2010-இல் இதே பாணியில் தொடங்கிய கடைகளும் 2019-க்குள் மூடிவிட்டன. கொடுக்க முடிந்தவர்கள் தொடர்ந்து வந்து, சாப்பிட்டு, கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனால்தான் பெட்டி நிரம்பும். அவர்கள் வருவது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

வடலூர் நிலைத்ததற்குக் காரணம் ஊர் அதைத் தன் அடுப்பாக நினைத்தது. அம்மா உணவகம் நிலைப்பதற்குக் காரணம் வரிப்பணம். இரண்டும் பொதுச் சொத்து என்ற உணர்வில்தான் உயிர் வாழ்கின்றன.

இனி நம் பொறுப்பு

அந்த உணர்வு அம்மா உணவகத்தின் விஷயத்தில் சில ஆண்டுகளாகத் தளர்ந்திருக்கிறது. ஜெயலலிதா மறைந்தபின் பல கிளைகளில் கிரைண்டர் பழுது, சப்பாத்தி மெஷின் பழுது, சுவர் ஒழுகல் என்று புகார்கள் குவிந்தன. கூட்டமும் குறைந்தது. 2024 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஓர் உணவகத்தை நேரில் பார்த்துவிட்டு, சென்னை அம்மா உணவகங்களின் சீரமைப்புக்கும் புதிய பாத்திரங்கள், இயந்திரங்களுக்கும் 21 கோடி ரூபாய் அறிவித்தார். சமைக்கும் பெண்களின் தினக்கூலி 300-லிருந்து 325 ரூபாயானது. விடியும் முன்னே எழுந்து வந்து ஊருக்குச் சமைக்கும் பெண்களுக்கு இந்தக் கூலி போதாது என்பது என் உறுதியான கருத்து. சோற்றின் விலை ஏறாமல் இருக்கலாம். அதை ஆக்குபவரின் கூலி ஏறியே ஆக வேண்டும்.

நட்டம் என்று மாநகராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி பேச்சு வருகிறது. தெருவிளக்கில் லாபம் பார்க்கிறோமா? பூங்காவில், மழைநீர் வடிகாலில் பார்க்கிறோமா? ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யும் செலவு அது. அந்தப் பட்டியலில் ஒரு வேளைச் சாப்பாடும் இருக்க வேண்டும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. வசதியுள்ளவர்கள் இந்தக் கதவைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஏழைகள் மட்டுமே சாப்பிடும் இடத்தில் சாம்பார் நீர்த்தால் கேட்க ஆளிருக்காது, கிரைண்டர் நின்றால் அது செய்தியாகாது. தரம் குறையக் குறைய, வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் வரும் இடமாக அது சுருங்கும். அப்புறம் அது மறுபடியும் கஞ்சித்தொட்டிதான். இருநூறு ஆண்டுக்கு மேல் பாடுபட்டு உதறிய கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

அதனால் படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் இருக்கும் அம்மா உணவகத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்ச் சாப்பிடுங்கள். ஏழைகளுக்கான சோற்றை நாம் பறிக்கிறோமோ என்று தயங்க வேண்டாம். அது எல்லோருக்கும் என்றே திறக்கப்பட்டது. ருசியாக இருந்தால் சமைத்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறை இருந்தால் கவுன்சிலரிடம் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய், அந்த மேசையில் எல்லோரோடும் நின்று சாப்பிடப் பழக்குங்கள். நாம் சாப்பிடும் இடம் என்று நினைத்தால்தான் இந்த அடுப்பை நாம் காப்போம்.